பச்சை காட்டும் கிணறு

ஏம்மா, கொஞ்சம் ஜன்னல் ஓரமா நகர்ந்துக்கிறியா? இந்த பக்கெட்டை மடியில வச்சுக்கிட்டு இந்த ஓரத்துல உக்காந்தா போறவன் வர்றவன் எல்லாம் இடிச்சுட்டுப் போறான். ம், போதும் போதும். தண்ணி தெறிச்சா துடைச்சுக்கோ, நல்ல தண்ணிதான்.

ஏன் அப்படிப் பார்க்கிறே? கண்டக்டரும் இப்படித்தான் பார்த்தார். "என்னம்மா இது, வயரெல்லாம் தொங்குது, பொட்டியில லைட்டு மினுக்குது, போலீசைக் கூப்பிடவா?"ன்னார். "லக்கேஜ் போடணும்னா போட்டுக்கங்க, போலீசெல்லாம் எதுக்கு? இது என் வீட்டுக் கிணறு"ன்னேன். அதுக்கப்புறம் மனுஷன் இந்தப் பக்கமே திரும்பல.

கழுத்துல அட்டை மாட்டியிருக்கியே, கம்ப்யூட்டர் கம்பெனியா? கிண்டியில இறங்கணுமா? நல்லதாப் போச்சு. படிச்ச பொண்ணு, உனக்குச் சொன்னா சட்டுனு விளங்கும். கிண்டி வர்றதுக்குள்ள முடிச்சிடறேன். நான் நுங்கம்பாக்கம் போறேன். அங்க ஒரு கம்பெனி ஹெட் ஆபீஸ் இருக்கு. நியாயம் கேக்கப் போறேன்.

என் பேரு திலகவதி. கீழ்க்கட்டளையில வந்து "திலகா மாவு"ன்னு கேட்டுப் பாரு, ஆட்டோக்காரன் வாசல்லயே கொண்டாந்து இறக்குவான். இட்லி மாவு, தோசை மாவு. பாக்கெட்ல பேரு, அதுக்குக் கீழ "கிணத்துத் தண்ணியில் ஆட்டியது"ன்னு அச்சடிச்சிருப்பேன். அதான் என் வியாபாரத்தோட உயிரு. உளுந்து எவன் கடையிலயும் கிடைக்கும். அரிசி எவன் கடையிலயும் கிடைக்கும். என் கிணத்துத் தண்ணி எவன் கடையில கிடைக்கும்? போர் தண்ணியில ஆட்டினா மாவு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கும். என் கிணத்துத் தண்ணியில ஆட்டி வச்சா காலையில தூக்கு மூடியைத் தள்ளிக்கிட்டு நிக்கும். ரெண்டு பொண்ணுங்களைக் கட்டிக் குடுத்தது அந்தக் கிணறு. எங்க வீட்டுக்காரர் பல்லாவரம் தோல் கம்பெனியில இருந்து ஓய்வாகி வந்து உக்காந்துட்டார். இப்பவும் எங்க ரெண்டு பேருக்கும் சோறு போடுறது அதுதான். போட்டுக்கிட்டு இருந்துச்சுன்னு சொல்லணும்.

எங்க வீட்டுக்குப் பின்னாடி ஒரு கல்யாண மண்டபம் இருந்துச்சு. அதை இடிச்சுட்டு ஒரு கம்பெனி அடுக்குமாடி கட்ட வந்துச்சு. நூறு வீடாம். மேல மனுஷங்க, பூமிக்குக் கீழ ரெண்டு மாடிக்குக் கார். தெருவே பயந்துச்சு. தூசி வரும், லாரி வரும், சத்தம் வரும்னு. நான் மட்டும் பயப்படல. நூறு வீடு வந்தா நூறு வீட்லயும் இட்லி வேகும்ல? மனசுக்குள்ள அப்பவே புதுசா ஒரு கிரைண்டர் வாங்கிப் போட்டுட்டேன்.

எங்க ஏரியா ஏரியைத் தூர்த்த இடம். மம்மட்டியைப் போட்டாலே தண்ணி. இவங்க ரெண்டு மாடி ஆழத்துக்குத் தோண்டினா சும்மா இருக்குமா? குழி குளமாச்சு. குழியைச் சுத்திப் பம்பு இறக்கி இறைச்சாங்க. அங்க ஒரு இன்ஜினியர் தம்பி, பேரு இன்பசேகர், கோவில்பட்டிப் பக்கம். மாவு வாங்க வரும்போது எல்லாம் விவரமாச் சொல்லும். ஒவ்வொரு பம்புக்கும் ஒரு பொட்டி மாட்டியிருக்காங்களாம். பொட்டிக்குள்ள சிம்கார்டாம். எந்தப் பம்பு ஓடுது, எது சும்மா நிக்குது, எவ்வளவு தண்ணி இறைச்சுது, அத்தனையும் நுங்கம்பாக்கத்துல ஏசி ரூம்ல சுவரளவு டிவியில தெரியுமாம். எனக்கு ஆச்சரியமாப் போச்சு. முன்னல்லாம் பம்பு ஓடுதான்னு பார்க்க ஒரு ஆளு பக்கத்துல கயித்துக் கட்டில் போட்டு உக்காந்திருப்பான். இப்ப அந்த ஒரு ஆளு வேணாம்னுட்டு, பம்பைப் பார்க்க பொட்டி, பொட்டியைப் பார்க்க டிவி, டிவியைப் பார்க்க ஒரு பொண்ணு, பொண்ணைப் பார்க்க ஒரு மேனேஜர்னு வச்சிருக்காங்க. முன்னேற்றம்னா அதானே.

தெருக்காரங்க எல்லாம் சைட் கேட்டுல போய் நின்னோம். எதிர்வீட்டு ஜெயசீலி டீச்சர்தான் முன்னாடி. "நீங்க இப்படி இறைச்சா எங்க கிணறெல்லாம் வத்திடும்"னு சத்தம் போட்டாங்க. நானும் போட்டேன். யாருக்கு இல்லாத அக்கறை எனக்கு? கம்பெனிக்காரங்க மரியாதையா உக்கார வச்சு மோர் குடுத்தாங்க. "உங்க கிணறு எங்க பொறுப்பு. குழிக்குப் பக்கத்துல இருக்கிற ஒரு கிணத்துலயும் பொட்டி மாட்டறோம். தண்ணி ஒரு மட்டத்துக்குக் கீழ போச்சுன்னா எங்க பம்பு அத்தனையும் தானா நின்னுடும். யாரும் கேட்க வேணாம், யாரும் கெஞ்ச வேணாம்"னாங்க. குழிக்குப் பக்கத்துல இருக்கிற கிணறு யாருது? என்னுது.

இதோ, இந்தப் பொட்டிதான். இந்த வயர் நுனியில கறுப்பா ஒரு உருண்டை இருக்கு பாரு, பக்கெட்டுக்குள்ள மிதக்குதே, அதைக் கிணத்துல ஒரு மட்டத்துல கட்டித் தொங்க விட்டாங்க. உருண்டை மிதந்தா பச்சை. தண்ணி கீழே போய் உருண்டை தொங்கிடுச்சுன்னா சிவப்பு. அவ்வளவுதான் கணக்கு. மாட்டின அன்னைக்குப் பொட்டிக்குச் சந்தனம் குங்குமம் வச்சு, எலுமிச்சம்பழம் சுத்தி, கற்பூரம் காட்டினேன். நுங்கம்பாக்கத்துல இருந்து வந்த பையன் ஷூவைக் கழட்டிட்டுக் கும்பிட்டான். என் போன்லயும் ஏத்திக் குடுத்துட்டான். திறந்தா சின்னதா ஒரு கிணத்துப் படம் வரும், பச்சையா. பார்க்கவே குளுகுளுன்னு இருக்கும். காலையில கண்ணு முழிச்சதும் முருகன் படத்தைப் பார்க்கிறேனோ இல்லையோ, இதைப் பார்த்துடுவேன்.

கொஞ்ச நாள் கழிச்சு ஒரு காலையில, மாவு ஆட்டிக்கிட்டு இருக்கேன், போன் வீல்னு கத்துச்சு. பார்த்தா கிணறு சிவப்பு. அதே நேரம் வெளியில சத்தம் நின்னு போச்சு. அத்தனை நாளா ஓடிக்கிட்டு இருந்த பம்பெல்லாம் கப்சிப். கொல்லைப்பக்கம் போய் வேலி வழியா எட்டிப் பார்த்தா, தொப்பி போட்ட ஆளுங்க அத்தனை பேரும் என் கிணத்தைப் பார்த்துக்கிட்டு நிக்கிறாங்க. எனக்கு உடம்பு சிலிர்த்துடுச்சு. யோசிச்சுப் பாரு, அவ்வளவு பெரிய கம்பெனி. கோடி கோடியாப் பணம். என் கிணறு ஒரு வார்த்தை சொன்னா நிக்குது.

இன்பசேகர் ஓடி வந்துச்சு. முகமெல்லாம் வேர்வை. "அக்கா, குழியில தண்ணி ஏறுது, கட்டின கம்பியெல்லாம் முங்குது"ன்னுச்சு. "நான் என்ன தம்பி பண்றது, கிணறு சொல்லுதே"ன்னேன். பெருமையாத்தான் சொன்னேன், ஒத்துக்கிறேன். மத்தியானம் தண்ணி ஊறி உருண்டை மிதந்ததும் பம்பு ஓடிச்சு. மறுநாள் காலையில மறுபடி சிவப்பு. அதுக்கு மறுநாளும். அப்பத்தான் ஹெட் ஆபீஸ்ல இருந்து முதல் போன் வந்துச்சு. சம்யுக்தான்னு ஒரு பொண்ணு. சுவர் டிவியைப் பார்க்கிற பொண்ணு இதுதான். என்ன குரல்னு நினைக்கிறே, தேன். "வணக்கம்மா, உங்க கிணறு காலையில மட்டும் சிவப்பா காட்டுது. அந்த நேரத்துல யாராவது தண்ணி எடுக்கிறாங்களா?"

"நான்தாம்மா எடுக்கறேன். மாவு ஆட்டணும்ல"ன்னேன்.

"அதனாலதான்மா மட்டம் இறங்குது. கிணத்தைப் பாதுகாக்கத்தானே பொட்டி வச்சிருக்கோம்? நீங்க தண்ணி எடுக்காம இருந்தீங்கன்னா கிணறு பாதுகாப்பா இருக்கும்"னுச்சு.

எனக்கும் நியாயமாத்தான் பட்டுச்சு. எங்க வீட்டுக்காரர் மட்டும் பேப்பர்ல இருந்து தலையைத் தூக்கி, "கிணறு யாருக்காக இருக்கு?"ன்னார். அவருக்கு என்ன தெரியும், காலம் பூரா தோலைப் பதப்படுத்தின மனுஷன். நான் அவர் பேச்சைக் காதுல போட்டுக்கல. கொஞ்ச நாள் தெருக் குழாய்ல பிடிச்சுச் சமாளிச்சேன். ஆனா நான் எடுக்காட்டியும் சிவப்பு வர ஆரம்பிச்சுடுச்சு. அவங்க இறைக்கிற இறைப்புக்கு என் கிணறு எந்த மூலைக்கு?

அடித்தளத்துக்குக் கான்கிரீட் போடற தேதி நெருங்குது. இன்பசேகர் தம்பி தாடியெல்லாம் விட்டுடுச்சு. ஒருநாள் பார்த்தா, குழியில இருந்து ஒரு பெரிய ஓஸ் பைப்பை வேலி மேல ஏத்தி என் கிணத்துக்குள்ள விட்டிருக்காங்க. குழித் தண்ணி என் கிணத்துக்கு. கிணத்துத் தண்ணி ஊறி மறுபடி குழிக்கு. குழியில இருந்து மறுபடி கிணத்துக்கு. பம்பு விடாம ஓடுது, கிணறு விடாம பச்சை. சம்யுக்தா போன் பண்ணி, "கிணறு சூப்பரா இருக்கும்மா. பம்பும் முன்னைவிட நிறைய இறைக்குது"ன்னு சந்தோஷப்பட்டுச்சு. சித்திரை வெயில்ல என் கிணத்துல கையால மொள்ளலாம் போல தண்ணி. எனக்கு வாயெல்லாம் பல்லு.

வந்தது பாரு வினை. மாவு பொங்கல.

ஆட்டி வச்சது வச்சபடி கிடக்கு. இட்லி ஊத்தினா கல்லு. வாடிக்கைக்காரங்க பாக்கெட்டைத் திருப்பிக் கொண்டாந்து வாசல்ல வச்சுட்டுப் போறாங்க. டீச்சர் வந்து, "உன் இட்லியை வச்சு எங்க வீட்டுக் கதவுக்கு முட்டுக் குடுக்கலாம் திலகா"ன்னாங்க. அவங்க எப்பவுமே அப்படித்தான், வாயில நல்ல வார்த்தை வராது. நான் உளுந்துக்கடைக்காரனைப் போய்ப் பிடிபிடின்னு பிடிச்சேன். மாவு மிஷினைச் சந்தேகப்பட்டேன். யாரு கண்ணோ பட்டுடுச்சுன்னு மிளகாய் சுத்திப் போட்டேன். எங்க வீட்டுக்காரர்தான் ஒரு சொம்பு தண்ணி மொண்டு மோந்து பார்த்துட்டு, "சிமெண்ட் வாடை"ன்னார். சொம்பைக் கொஞ்ச நேரம் அப்படியே வச்சா, அடியில சாம்பல் மாதிரி ஒரு விரற்கடை வண்டல்.

அன்னைக்கு நான் அழுதுட்டேன்மா. உள்ளதைச் சொல்றேன். கிரைண்டர் பக்கத்துல உக்காந்து அழுதேன். பிழைப்பாச்சே.

நேரா சைட்டுக்குப் போய், "ஓஸை எடு. இல்லாட்டி நானே அறுத்துப் போடுவேன்"ன்னேன். இன்பசேகர் கையெடுத்துக் கும்பிடுது. "எடுத்தா சிவப்பாயிடும்க்கா. சிவப்பானா பம்பு நிக்கும். பம்பு நின்னா என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்கக்கா. இப்பத்தான் பொண்ணு பார்த்து நிச்சயம் பண்ணியிருக்கு"ன்னுச்சு. ஒரு பக்கம் என் மாவு. ஒரு பக்கம் ஒரு புள்ளையோட கல்யாணம். என்ன பண்ணுவே நீ?

அப்பத்தான் ஒரு யோசனை வந்துச்சு. யாருக்கு வந்துச்சுன்னு நினைக்கிறே? அந்த இன்ஜினியருக்கா? நுங்கம்பாக்கத்துக்கா? எனக்கு. எட்டாங்கிளாஸ் படிச்ச எனக்கு. "தம்பி, உருண்டை தண்ணியில மிதக்கணும், அவ்வளவுதானே? அது கிணத்துத் தண்ணியா பக்கெட் தண்ணியான்னு உருண்டைக்குத் தெரியுமா?"ன்னேன்.

அந்தத் தம்பி என்னைப் பார்த்த பார்வை இருக்கே. கோயில்ல திரை விலகினதும் பார்ப்பாங்களே, அப்படி.

அன்னைக்கே ஓஸையும் எடுத்தாச்சு, உருண்டையையும் மேல எடுத்தாச்சு. பொட்டியைக் கழட்டி கிரைண்டர் ரூம்ல மாட்டியாச்சு. பேட்டரி உள்ளயே இருக்கு, எங்க வேணா கொண்டு போகலாம். இதே பக்கெட்தான். அதுக்குப் பதிலா நான் என்ன கேட்டேன் தெரியுமா? நாளைவிட்டு நாள் ஒரு லாரி நல்ல தண்ணி. மாவு கெடாத தண்ணி. கம்பெனிச் செலவுல. உடனே சரின்னுடுச்சு. இப்ப சொல்லு, ஏமாந்தது நானா அவங்களா? கிணத்துல கயிறு இழுக்கற வேலை மிச்சம். லாரி வந்து தொட்டியை ரொப்பிட்டுப் போகும். மாவு மறுபடி பொங்குச்சு. பாக்கெட்ல "கிணத்துத் தண்ணி"ன்னு அப்படியே இருந்துச்சு, அச்சடிச்சதை எதுக்கு வீணாக்கறது.

சும்மா ஒரு பக்கெட்தானேன்னு நினைக்காதே. அதைப் பார்த்துக்கிறது பச்சப்புள்ளையைப் பார்த்துக்கிற மாதிரி. வெயில் காலத்துல தண்ணி தானா குறையும். காலையில ஒரு சொம்பு, சாயங்காலம் ஒரு சொம்பு. காக்கா வந்து வாயை வைக்கும்னு மூடி போட்டு, மூடியில வயருக்கு ஓட்டை போட்டேன். திண்டிவனத்துல என் அண்ணன் மவ கல்யாணம், போகல. "நாத்தனார் பக்கெட்டுக்குக் காவல் இருக்காங்க"ன்னு எங்க அண்ணி சபையில சொல்லிச் சிரிச்சாங்களாம். சிரிக்கட்டும். ஊர் வாயை மூட முடியுமா? ஒருதடவை எங்க வீட்டுக்காரர் தெரியாம அந்தத் தண்ணியை எடுத்துக் கால் கழுவிட்டார். போன் கத்துது, பின்னாடி பம்பெல்லாம் நின்னு போச்சு, இன்பசேகர் செருப்புகூட இல்லாம ஓடி வருது. நான் அவரைப் பேசின பேச்சுல மனுஷன் ரெண்டு நாள் வெளியில டிபன் சாப்பிட்டார்.

அடுத்த மாசமே எதிர்வீட்டுக் கிணறு வத்திப்போச்சு. அப்புறம் அதுக்கு அடுத்த வீடு. தெருவுல ஒவ்வொண்ணா வத்துச்சு. டீச்சர் ஆளுங்களைக் கூட்டிக்கிட்டு மறுபடி கேட்டுக்குப் போனாங்க. ஒரு அதிகாரியும் வந்தார். கம்பெனிக்காரங்க கூச்சல் போடல, சண்டை போடல. லேப்டாப்பைத் திறந்து காட்டினாங்க. "இதோ பாருங்க சார், குழியை ஒட்டி இருக்கிற கிணறு. பச்சை. ஒட்டி இருக்கிறதுலயே தண்ணி இருக்கும்போது தள்ளி இருக்கிறது எங்களால எப்படி வத்தும்?" அதிகாரி என்னைப் பார்த்தார். நான் என் போனை எடுத்துக் காட்டினேன். அதுலயும் பச்சை. ரெண்டும் ஒண்ணாக் காட்டினா அப்புறம் என்ன பேச்சு? அதிகாரி எழுதிக்கிட்டுப் போயிட்டார்.

டீச்சர் என்கிட்ட வந்து, "உன் கிணத்தைத் திற, நான் எட்டிப் பார்க்கணும்"னாங்க. "ஏன், போன்ல தெரியலையா? நீங்க தூர் வாராம விட்டுட்டு என் கிணத்துல கண்ணு வைக்காதீங்க"ன்னேன். அன்னைக்குப் பேச்சை நிறுத்தினவங்கதான், இன்னும் பேசறதில்ல. தெருவுலயே யாரும் பேசறதில்ல. என் கிணறு பச்சையா இருக்கிறதுல இவங்களுக்கெல்லாம் அவ்வளவு எரிச்சல், பாரேன்.

எங்க வீட்டுக்காரர் மட்டும் அப்பப்போ கிணத்துல வாளியை இறக்கிப் பார்ப்பார். ஒருநாள் கயிறு பத்தலன்னு கொடிக்கயித்தை அவிழ்த்து முடிச்சுப் போட்டு இறக்கினார். அப்பவும் டங்குனு சத்தம்தான் கேட்டுச்சு. வந்து என்கிட்ட சொல்ல வாயெடுத்தார். "இன்னிக்கு லாரி வர்ற நாள், தொட்டி மூடியைத் திறந்து வைங்க"ன்னேன். போய்த் திறந்தார்.

தீபாவளிக்குச் சம்யுக்தா போன் பண்ணிச்சு. சும்மா இல்ல, வாழ்த்து சொல்ல. "அம்மா, எங்க எல்லா சைட்லயும் கிணத்துல பொட்டி வச்சிருக்கோம். எல்லாம் சிவப்பு, பச்சை, சிவப்புன்னு மாறிக்கிட்டே இருக்கு. உங்க கிணறு ஒண்ணுதான்மா கல்லு மாதிரி நிக்குது. பெங்களூர் மீட்டிங்ல உங்க கிணத்தைத்தான் படம் போட்டுக் காட்டினாங்க. மாதிரிக் கிணறுன்னு பேரு வச்சிருக்காங்க"ன்னுச்சு. ஒரு ஷீல்டு வேற அனுப்பினாங்க. "சிறந்த நீர்மட்டப் பராமரிப்பு"ன்னு போட்டு, நடுவுல ஒரு சொட்டுத் தண்ணி, கண்ணாடியில. ஷோகேஸ்ல வச்சிருக்கேன். அந்தப் பொண்ணு கிணத்தை நேர்ல பார்த்ததே இல்லையாம். "ஒருநாள் வாம்மா, இட்லி சுட்டுத் தர்றேன்"னேன். வேலை அதிகம்மா, டிவியை விட்டு நகர முடியாதுன்னுச்சு. பாவம்.

கட்டடம் எழும்பிடுச்சு. பம்பெல்லாம் கழட்டி லாரியில ஏத்திட்டாங்க. இன்பசேகர் தம்பிக்கு ஓசூருக்கு மாத்தல், நம்ம பக்கெட்டால உத்தியோக உயர்வு வேற. கல்யாணப் பத்திரிகை அனுப்பிச்சு. பத்திரிகை வந்துச்சு, தண்ணி லாரி வரல. ஒருநாள் பார்த்தேன், ரெண்டு நாள் பார்த்தேன், வரல. புது இன்ஜினியரைக் கேட்டா, "எந்த லாரி?"ங்கிறான். "கிணத்துல தண்ணி இல்லப்பா"ன்னா, லேப்டாப்பைத் தட்டிப் பார்த்துட்டு, "இருக்கேம்மா"ங்கிறான்.

அப்பத்தான் நான் கிணத்தை எட்டிப் பார்த்தேன். ரொம்ப நாளைக்கு அப்புறம். அடியில காய்ஞ்ச சேறு. சேத்துல அந்தக் கொடிக்கயிறு அறுந்து விழுந்த வாளி. அவ்வளவுதான். கட்டடத்துக்காரங்க எண்ணூறு அடிக்கு நாலு போர் போட்டிருக்காங்க, இனிமே ஊறுமா?

இப்ப கேன் தண்ணி வாங்கித்தான் ஆட்டறேன். கட்டுப்படியாகல. ருசியும் இல்ல. நூறு வீடு வந்துச்சும்மா, நான் சொன்னேனே, வந்துச்சு. கீழயே ஒரு சூப்பர் மார்க்கெட் திறந்து எவனோ வெளியூர்க்காரன் மாவைக் கண்ணாடி அலமாரியில அடுக்கி வச்சிருக்கான். அந்த நூறு வீட்டை நம்பித் தவணையில புதுசா வாங்கின கிரைண்டரை, பணம் கட்ட முடியாம போன வாரம் கொண்டு போயிட்டாங்க. இருக்கிற ஒண்ணும் இன்னும் எத்தனை நாள்னு தெரியல. பெரியவ போன் பண்ணி, "கடையை மூடிட்டு என்கூட வந்து இரும்மா"ங்கிறா. மருமகன் வீட்டுச் சோறு. அது வேணாம்னுதான் இன்னிக்குக் கிளம்பினேன்.

சம்யுக்தாகிட்ட சொல்லாம இருப்பேனா? சொன்னேன். "கிணறு வத்திடுச்சும்மா, என் பிழைப்பு போச்சு"ன்னேன். கீபோர்டைத் தட்டற சத்தம் கேட்டுச்சு. "இல்லையேம்மா, பச்சையா இருக்கே. மாட்டின முதல் மாசத்தையும், நடுவுல ஒரு நிமிஷத்தையும் விட்டா உங்க கிணறு ஒருநாள்கூடக் குறையல. எல்லாம் பதிவாகி இருக்கு. பதிவு தப்பாகாதும்மா"ன்னுச்சு. நடுவுல ஒரு நிமிஷம்னா, இவர் கால் கழுவின அன்னைக்கு. எவ்வளவு துல்லியமா வச்சிருக்காங்க பாரேன்.

அதான் நேர்லயே போயிடலாம்னு. மனு எழுதியிருக்கேன். ஒண்ணு கிணத்துல தண்ணி வர வைக்கணும், இல்ல லாரியை மறுபடி விடணும். பக்கெட்டை ஏன் தூக்கிக்கிட்டு வந்தேன்னு கேக்கறியா? இதுதான்மா சாட்சி. நான் எவ்வளவு பொறுப்பாப் பார்த்துக்கிட்டேன்னு அவங்க கண்ணால பார்க்கணும். பம்பு போய், இன்ஜினியர் போய், லாரி போய், இந்தப் பொட்டியைக் கழட்டிக்கிட்டுப் போக யாருக்கும் ஞாபகம் வரல. ஆனா நான் விட்டேனா? இன்னிக்குக் காலையில வரைக்கும் ஒரு சொம்பு ஊத்திட்டுத்தான் கிளம்பினேன். கேன் தண்ணி.

எங்க வீட்டுக்காரர் வாசல்ல நின்னு, "அதைக் கவுத்துடு திலகா. கவுத்துட்டு வீட்லயே உக்காரு. சிவப்பானா அவங்களே தேடி வருவாங்க"ன்னார். இவருக்கு எப்பவும் இப்படி ஒரு குறுக்குப் புத்தி. இத்தனை நாள் காப்பாத்தின பேரு என்ன ஆகறது? மாதிரிக் கிணறும்மா. அந்தப் பொண்ணு எவ்வளவு பெருமையாச் சொல்லிச்சு, அது முகத்துல நான் எப்படி முழிக்கிறது?

கத்திப்பாரா வந்துடுச்சா? இந்த டிரைவர் ஏன் இப்படி ஓட்டறான்? ஏய், ஏய், பிடி, பிடிம்மா, மூடி கழண்டுக்கிச்சு.

போச்சு. புடவையெல்லாம் ஈரம். அது கிடக்கட்டும், உருண்டை தொங்குது பாரு. கத்த ஆரம்பிச்சுடுச்சு. சிவப்பு. அய்யோ, சிவப்பும்மா. உன்கிட்ட தண்ணி இருக்கா? அந்த பாட்டில்ல? குடு குடு. ஊத்து. ஓரமா ஊத்து, உருண்டை மேல ஊத்தாதே. இன்னும் கொஞ்சம். முழுசையும் ஊத்திடு. ஆங், மிதக்குது. மிதந்துடுச்சு. போனைப் பாரு. பச்சை. அப்பாடா.

இரு, போன் அடிக்குது. சம்யுக்தாதான்.

ஆங், சொல்லும்மா. நல்லா இருக்கேன். ஆமா, இப்பத்தான், ஒரு நிமிஷம். நீ பார்த்துட்டியா? என்னம்மா? சத்தத்துல கேக்கல, மறுபடி சொல்லு. கிணத்துல தண்ணி வத்திடுச்சான்னு கேக்கறியா?

சேச்சே. அதெல்லாம் ஒண்ணும் இல்லடா. நிறைய இருக்கு. காத்துல ஆடியிருக்கும். இப்ப பாரு, பச்சைதானே? ஆங். நீ ஒண்ணும் பயப்படாதே, மேலதிகாரிகிட்ட நான் நல்லா இருக்குன்னு சொன்னேன்னே சொல்லு. நான் இருக்கேன்ல. வச்சிடு.

பார்த்தியா? ஒரு நிமிஷம் சிவப்பானதுக்கே புள்ளை எப்படிப் பதறிப் போய்க் கேக்குது. இவ்வளவு அக்கறையா இருக்கிறவங்க ஆபீஸ்ல என் மனுவைப் படிக்காம போயிடுவாங்களா?

என்னம்மா அப்படிப் பார்க்கிறே? சரி சரி, கிண்டி வந்துடுச்சு, இறங்கு. உன் பாட்டிலைக் காலி பண்ணிட்டேன், மனசுல வச்சுக்காதே. போறதுக்கு முன்னாடி இந்த மூடியை மட்டும் கொஞ்சம் அழுத்தி மூடி விட்டுட்டுப் போ. மறுபடி சிந்துச்சுன்னா தண்ணிக்கு நான் எங்க போவேன்?